கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்ட கேள்வி: ஒரு சதிக் கதையில் பாலடின் விழுந்த இடம்

ஆளுக்கொரு பாத்திரத்தை (கேரக்டரை) ஏற்று, பகடை உருட்டிக் கதையாக மேசையில் ஆடும் ஆட்டம் எங்களுடையது. அதன் 12ஆம் செஷனின், அதாவது 12ஆவது அமர்வின், கடைசிப் பத்து நிமிடத்தில் இது நடந்தது. பாலடின் (சபதத்தால் சக்தி பெறும் புனித வீரன்) ஆதன், துறைமுகக் கடத்தல்காரி கொற்றியிடம் "உன் உயிருக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்து, அவளைக் கோயில் காவலரிடம் ஒப்படைத்திருந்தான். விடிந்தபோது அவள் தூக்கில் தொங்கினாள். விசாரணை எதுவும் நடக்கவில்லை. கூட்டத்தில் மிதிபட்ட ஒரு சிறுவனைக் குணப்படுத்த ஆதன் கைவைத்தபோது, கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்லும் கேம் மாஸ்டரான நான், "கையில் ஒளி வரவில்லை. உன் சபதம் உடைந்துவிட்டது" என்று அறிவித்தேன்.

மேசையில் ஒருவரும் பேசவில்லை. ஆதனை ஆடியவர் எங்களில் மூத்தவர். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கையிலிருந்த பகடையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "நான் தெரிஞ்சே என்ன தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லு."

என்னிடம் பதில் இல்லை. அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. அடுத்த செஷன் நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி என் குறிப்பேடுகளையும் விதிநூல்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டியதில் தெரிந்ததையும், அதன்பிறகு மேசையில் மாற்றியதையும் இங்கே எழுதுகிறேன். சதியும் சூழ்ச்சியும் நிறைந்த கேம்பெய்ன் (பல செஷன் ஓடும் தொடர்கதை) நடத்தும் யாருக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது என்று நம்புவதால், என் தவறுகளை விலாவாரியாகவே சொல்கிறேன்.

மேசையும் கதையும்

ஆட்டக்காரர்கள் நான்கு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு செஷன், மொத்தம் 26 செஷன் ஓடியது. 2014இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்து ஆடினோம். கேரக்டர்கள்: பாலடின் ஆதன், ரோக் (திருட்டில் தேர்ந்தவள்) சிட்டு, கிளெரிக் (தெய்வ சக்தி பெற்ற பூசாரி) வெண்ணி, விசார்ட் (மந்திரவாதி) அந்துவன். ஒவ்வொரு கேரக்டரின் விவரத்தாளிலும் (ஷீட்) அலைன்மென்ட் என்று ஒரு கட்டம் உண்டு, கேரக்டரின் ஒழுக்கச் சார்பை எழுத. ஆதனின் ஷீட்டில் லாஃபுல் குட் (ஒழுங்கை மதிக்கும் நல்லவன்), சிட்டுவின் ஷீட்டில் கேயாடிக் நியூட்ரல் (ஒழுங்குக்கு அடங்காத, நன்மை தீமை இரண்டையும் சாராதவள்). மற்ற இருவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்பதை 12ஆம் செஷன்வரை நான் கவனிக்கக்கூட இல்லை.

கதை நடந்த இடம் வெண்கரை என்ற துறைமுக நகரம். அரசி படுத்த படுக்கையாக இருக்கிறாள். வாரிசு என்று இரண்டு பேர் நிற்கிறார்கள்: அவளுடைய அண்ணன் மகளும், அவள் பெற்ற மகனும். இதற்கிடையில் கோயில் களஞ்சியத்திலிருந்து தானியம் குறைந்துகொண்டே போகிறது. ஊரே கொற்றியைச் சந்தேகிக்கிறது. உண்மையில் தானியத்தை வெளியே அனுப்பியவர் கோயிலின் தலைவர் நெடுங்கோ அடிகள். அரசி இறந்த மறுநாளே மகன் கீழ்க்குடியிருப்புக்குத் தீ வைப்பான் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதைத் தடுக்க, ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கூலிப்படையைத் தானியம் போட்டு வளர்க்கிறார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆனால் அந்த வேலி, பயிரைக் காப்பாற்றுவதாகவே மனதார நம்புகிறது.

என் குறிப்பேட்டில் நெடுங்கோவின் பெயருக்குப் பக்கத்தில் "லாஃபுல் குட்" என்றும், கொற்றியின் பெயருக்குப் பக்கத்தில் "நியூட்ரல் ஈவில்" என்றும் எழுதியிருந்தேன். நல்லவர் துரோகம் செய்கிறார், கெட்டவள் வாக்குக் காக்கிறாள். இந்தத் திருப்பம்தான் கதையின் உயிர் என்று நினைத்தேன். நினைத்ததில் தவறில்லை. அதை மேசைக்குக் கொண்டுவந்த விதத்தில்தான் தவறு.

ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை

அலைன்மென்ட் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் அந்தச் சொல் வளர்ந்து வந்த வழியில் கிடக்கின்றன. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் லா (ஒழுங்கு), நியூட்ராலிட்டி (நடுநிலை), கேயாஸ் (ஒழுங்கின்மை) என்று மூன்றே மூன்றுதான். போர் விளையாட்டிலிருந்து பிறந்த ஆட்டம் அது. எந்த உயிரினம் எந்தப் பக்கம் என்று அணி பிரித்து வைத்த அட்டவணை போலத்தான் அது இருந்தது. உள்ளத்தை எடைபோடும் வேலை அதற்குக் குறைவு. நன்மை, தீமை என்ற இரண்டாவது அச்சை 1976இல் ஒரு கட்டுரையில் கைகாக்ஸ் சேர்த்தார். 1978இல் வந்த ஆட்டக்காரர் நூலில் அது ஒன்பது கட்டமாக விரிந்தது. 1979இல் வந்த கேம் மாஸ்டர் நூல், ஒவ்வொரு கேரக்டரின் நடத்தையையும் தொடர்ந்து குறித்துவரச் சொன்னது. அலைன்மென்ட் மாறினால் ஒரு லெவல் பறிபோகும்.

ஆக, அணியைக் காட்டப் பிறந்த சொல்லுக்குக் குணத்தையும் அளக்கும் வேலை வந்து சேர்ந்தது. நீ எந்தப் பக்கம் என்பது ஒரு கேள்வி. நீ எப்படிப்பட்டவன் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே கட்டத்தில் பதில் எழுத வைத்தால், கோயிலைச் சேர்ந்தவன் எல்லாம் நல்லவன், கடத்தல்காரி எல்லாம் கெட்டவள் என்ற கணக்கு தானாக வந்துவிடும். சதிக் கதைக்கு அந்தக் கணக்கு விஷம்.

பிற்பாடு வந்தவர்கள் இதைப் பலவிதமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய பென்டிராகன் என்ற ஆட்டம். அதில் இரக்கம் எதிர் கொடூரம், நேர்மை எதிர் வஞ்சகம் என்று 13 ஜோடிக் குணங்கள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 20. இரக்கம் ஒன்று ஏறினால் கொடூரம் ஒன்று இறங்கும். ஒரு மனிதன் நேர்மையில் 16, இரக்கத்தில் 5 என்று இருக்கலாம். நெடுங்கோவை அப்படி எழுதியிருந்தால் முதல் நாளே அவரை எனக்குப் புரிந்திருக்கும். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்போ 2023 திருத்தத்தில் அலைன்மென்ட் கட்டத்தையே எடுத்துவிட்டு, செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை என்ற இரு பட்டியலை முன்னால் கொண்டுவந்தது.

நாங்கள் ஆடிய ஐந்தாம் பதிப்பில் அலைன்மென்ட் கட்டம் இருக்கிறது. ஆனால் விதிகள் அதை ஏறக்குறைய தொடுவதே இல்லை. என் மேசை சறுக்கிய முதல் இடம் இதுதான். பாலடினின் டிவைன் சென்ஸ், 60 அடிக்குள் தேவகணமோ பேய்க்கணமோ அன்டெட் வகையோ (செத்தும் நடமாடுபவை) இருந்தால் காட்டும். மனிதன் நல்லவனா கெட்டவனா என்று காட்டாது. மூன்றாம் பதிப்பில் பாலடின் நினைத்தபோதெல்லாம் தீமையைக் கண்டறியலாம். அண்ணன் அந்தக் காலத்து ஆட்டக்காரர். 9ஆம் செஷனில் நெடுங்கோ முன் நின்று டிவைன் சென்ஸைப் பயன்படுத்தினார். "எதுவும் தெரியவில்லை" என்றேன். விதிப்படி சரியான பதில். அவரோ, "அப்பாடா, பெரியவர் சுத்தமானவர்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

நான் திருத்தவில்லை. சந்தேகம் நெடுங்கோ மேலிருந்து விலகியது கதைக்கு வசதியாக இருந்தது. ஆதன் ஏமாந்தால் அது கதை. ஆதனின் புலன் எப்படி வேலை செய்கிறது என்பதில் அண்ணன் ஏமாந்தால், அது நான் ஆட்டக்காரரிடம் மறைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதை அன்று நான் தாண்டிவிட்டேன்.

உண்மை வட்டத்துக்குள்

11ஆம் செஷனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எல்லோரும் இன்றும் ரசித்துச் சொல்லும் காட்சி அதில்தான் இருக்கிறது. பிசகின் வேரும் அதே காட்சிக்குள்தான்.

கோயில் கணக்கர் மருதனை ஏட்டறையில் மடக்குகிறார்கள். ஆதன் ஸோன் ஆஃப் ட்ரூத் என்ற உண்மை வட்ட மந்திரத்தை (ஸ்பெல்) போடுகிறான். 15 அடி ஆரம், பத்து நிமிடம். உள்ளே நிற்பவர் கரிஸ்மா சேவிங் த்ரோவில் (மந்திரத்தை எதிர்த்து உருட்டும் பகடையில்) தோற்றால் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. தோற்றாரா ஜெயித்தாரா என்பது ஸ்பெல் போட்டவருக்குத் தெரியும். மருதனுக்குத் தேவை 14. விழுந்தது 6. மாட்டிக்கொண்டான் என்று நால்வரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஸ்பெல்லில் மாட்டியவருக்கும் தான் மாட்டியிருப்பது தெரியும். பதில் சொல்லாமல் இருக்கலாம். உண்மையின் எல்லைக்குள் நின்றுகொண்டு நழுவலாம். சதிக் கதை நடத்தும் பலர் இந்த ஸ்பெல்லைக் கண்டு பயப்படுகிறார்கள், தடைகூடச் செய்கிறார்கள். எனக்கு அது பொக்கிஷம். பொய் சொல்ல வழியில்லாத ஒருவன் எப்படிப் பேசுகிறான் என்று கேட்பதைப்போல மேசையில் சுவை வேறில்லை.

"களஞ்சியத்திலிருந்து தானியத்தைத் திருடினாயா?" ஆதன் கேட்டான்.

"ஒரு மணிகூட என் வீட்டுக்குப் போனதில்லை, ஐயா."

"கணக்கில் பொய் எழுதினாயா?"

"என் கைக்கு வந்த சீட்டில் என்ன இருந்ததோ, அதைத்தான் ஏட்டில் ஏற்றினேன்."

"சீட்டு யார் கொடுத்தது?"

"முத்திரை இருந்தது, ஐயா. முத்திரை இருந்தால் யார் என்று கணக்கர் கேட்பதில்லை."

வெண்ணியை ஆடியவள் உடனே, "முத்திரையைக் கொற்றி ஆளுங்க போலியாச் செஞ்சிருக்காங்க!" என்றாள். மற்ற மூவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முத்திரை அசல். அது நெடுங்கோவின் இடுப்பிலேயே தொங்குகிறது. "யார் கொடுத்தது" என்ற கேள்விக்கு மருதன் பதிலே சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க நான் நேரமும் விடவில்லை. மணி பார்த்து அடுத்த காட்சிக்கு ஓடினேன்.

காட்சி நன்றாக இருந்தது. ஆனால் அதன்மேல் ஒரு உயிரையும் ஒரு சபதத்தையும் தூக்கி வைக்கும் அளவுக்கு அது பலமான தூண் இல்லை.

தெரிந்தே என்ற சொல்

12ஆம் செஷனுக்குப் பிறகு செய்த முதல் வேலை, தடயங்களை எண்ணியது. நெடுங்கோவை நோக்கிக் கை காட்டும் தடயங்கள் பன்னிரண்டு செஷனிலும் சேர்த்து மொத்தம் இரண்டு. ஒன்று மருதன் சொன்ன முத்திரை. மற்றது படகுத்துறையில் கிடந்த கோயில் சாக்கு. அதைக் கண்டெடுக்க இன்வெஸ்டிகேஷன் ரோலில் (தேடும் திறனுக்கான பகடையில்) 15 வேண்டும் என்று வைத்திருந்தேன். ரோல் 9 வந்தது. சாக்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆக, ஒரே ஒரு தடயத்தை, அதுவும் நழுவலான பதிலாக, காற்றில் வீசிவிட்டு, அவர்கள் பிடிக்கவில்லை என்று தண்டித்திருக்கிறேன்.

ஒரு முடிவுக்கு ஆட்டக்காரர்கள் வர வேண்டுமானால் குறைந்தது மூன்று தடயம் வை என்று ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய விதியை நான் படித்திருந்தேன். துப்புத் துலக்கும் ஆட்டங்களுக்குத்தான் அது என்று ஒதுக்கியும் வைத்திருந்தேன். யார் யாருக்கு எதிராக என்ன செய்கிறார் என்பதை ஆட்டக்காரர் கண்டுபிடித்தாக வேண்டியிருப்பதால், சதிக் கதையும் துப்புத் துலக்கும் கதைதான்.

அடுத்து, பாலடின் விதியைத் தேடினேன். சபதம் மீறினால் சக்தி போகும் என்பது என் மனதில் கல்வெட்டாகப் பதிந்திருந்தது. 1978 நூலில் அந்த விதி உண்மையிலேயே கடுமையானதுதான். ஆனால் அதில் இருக்கும் சொல், தெரிந்தே. தெரிந்தே ஒழுங்கு மீறினால் உயர்நிலைக் கிளெரிக்கிடம் போய்த் தவறை ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தும் மனமுவந்தும் தீமை செய்தால் மட்டுமே பாலடின் பட்டம் திரும்பாமல் போகும். 2014 நூல் அதைவிட மென்மை: தவறினால் பாவமன்னிப்புத் தேடலாம். வேண்டுமென்றே மீறிவிட்டு வருந்தவும் மறுப்பவனுக்குத்தான் பெரிய விளைவு. அதையும் கேம் மாஸ்டரின் முடிவுக்கே விடுகிறது.

என் நினைவில் விதி இருந்தது, அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. அண்ணன் கேட்டதும் அதே சொல்லைத்தான். அவர் நூலைப் பார்த்துக் கேட்கவில்லை, நியாயம் என்று பட்டதைக் கேட்டார்.

இங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. சதி என்பது ஒன்றைத் தெரியாமல் வைக்கும் கலை. அலைன்மென்ட், சபதம், பாவம் எல்லாம் தெரிந்து செய்ததற்கு வரும் தீர்ப்பு. எதைத் தெரியாமல் வைப்பது என்று முடிவு செய்பவரும் கேம் மாஸ்டர். தெரிந்து செய்தானா என்று தீர்ப்புச் சொல்பவரும் கேம் மாஸ்டர். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, ஏன் வழி தப்பினாய் என்று பிரம்பை எடுத்த கதைதான் நான் செய்தது. இரண்டு அதிகாரத்தையும் ஒரே கையில் வைத்திருப்பவர் இரண்டாவதை ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், அல்லது அதை எடுக்குமுன் உரக்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற மாற்றங்கள் எல்லாம் வந்தன.

பகடை இல்லாத செஷன்

13ஆம் செஷனுக்கு என்று ஒதுக்கிய நாளில் பேச மட்டும் கூடினோம். டிவைன் சென்ஸ் விஷயத்தையும், எண்ணிப் பார்த்த தடயக் கணக்கையும், முத்திரை யாருடையது என்பதையும் முதலில் நானே சொன்னேன். கதையின் பெரிய ரகசியம் அதோடு போயிற்று. போனால் போகட்டும் என்றிருந்தது. ரகசியத்தைக் காப்பாற்றி மேசையை இழக்க நான் தயாராக இல்லை.

அண்ணன் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "தண்டனையே வேணாம்னு நான் சொல்லல. கொற்றி செத்ததுல ஆதனுக்குப் பங்கு இருக்கு. ஆனா அது ஆதனோட தண்டனையா இருக்கணும். எனக்குக் கொடுத்த தண்டனை மாதிரி இருக்கக்கூடாது."

சிட்டுவை ஆடும் தம்பி, "அண்ணே, அப்போ ஆதனுக்கு என்ன தண்டனை கொடுப்பீங்க?" என்று கேட்டான். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கொற்றி பேருல இருக்கிற பழி போகுற வரைக்கும், கையில இருக்கிற ஒளியை அவன் தனக்குன்னு பயன்படுத்த மாட்டான். அடுத்தவங்களுக்கு மட்டும்" என்றார். என் தீர்ப்பைவிட அது கனமாக இருந்தது. கைவைத்துத் தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் லே ஆன் ஹேண்ட்ஸ் சக்தி இல்லாமல் முன்வரிசையில் நிற்கும் பாலடின் எத்தனை முறை தரையில் விழுவான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். சிறுவன் காட்சியைத் திரும்ப ஆடினோம். ஒளி வந்தது, சிறுவன் எழுந்தான்.

அன்றே ஆதனின் சபதத்தையும் புதிதாக எழுதினோம். நூலில் உள்ள டிவோஷன் சபதம் நேர்மை, துணிவு, கருணை, மானம், கடமை என்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசையில் நெருக்கடி வரும்போது அந்தச் சொற்கள் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அண்ணன் தன் சொந்த மொழியில் மூன்று வரி எழுதினார். வாக்குக் கொடுத்தால் முடியும்வரை உடன் நிற்பேன். விசாரிக்காமல் யாரையும் தண்டனைக்குக் கொடுக்கமாட்டேன். என் தவறை முதலில் நானே சொல்வேன்.

அதனுடன் ஒரு ஏற்பாடும் வந்தது. இந்த மூன்றில் ஒன்றைத் தொடும் செயல் வரும்போது, நடக்குமுன் நான் "இது சபதத்தைத் தொடுகிறது" என்று சொல்ல வேண்டும். சொன்னபிறகும் செய்தால் அது தெரிந்து செய்தது, விளைவு உண்டு. கதையின் ரகசியம் காரணமாக நான் சொல்ல முடியாவிட்டால் விளைவும் கிடையாது. எளிமையான ஏற்பாடு. ஆனால் பிறகு 19ஆம் செஷனில் அந்த மூன்று சொல்லைச் சொல்ல வேண்டி வந்தபோது மேசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. எந்த மறைமுகப் பொறியும் அவ்வளவு பதற்றத்தைக் கொடுத்ததில்லை.

ஷீட்டிலிருந்து கட்டத்தை எடுத்தபோது

என்பிசி (கேம் மாஸ்டரே ஆடும் பாத்திரங்கள்) குறிப்புகளிலிருந்து அலைன்மென்டை முழுதாக அழித்தேன். கொற்றி பெயருக்குப் பக்கத்தில் "நியூட்ரல் ஈவில்" என்று எழுதியிருந்தது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. பிடிபட்டால் அவள் கெஞ்சுவாளா, மிரட்டுவாளா, பேரம் பேசுவாளா? அந்த இரண்டு சொல்லில் பதில் இல்லை. இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்றே கேள்வி: என்ன வேண்டும், எதை ஒருக்காலும் செய்யமாட்டார், யாருக்குக் கடன்பட்டவர். நெடுங்கோவுக்கு எழுதியது இது: கீழ்க்குடியிருப்பு எரியக்கூடாது. வாயால் பொய் சொல்லமாட்டார். அனாதையாக வந்தவரை அரசிதான் எடுத்து வளர்த்தாள்.

இரண்டாவது வரியை எழுதியதும் அவருடைய பேச்சே மாறிவிட்டது. பொய் சொல்லாத சதிகாரர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவர். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்டால் உண்மை வந்துவிடும் என்பது ஆட்டக்காரர்களுக்கு ஒரு பிடியாக ஆயிற்று. சதிக் கதையில் எதிராளிக்கு இப்படி ஒரு கைப்பிடி இருந்தே ஆக வேண்டும். எதையும் செய்யக்கூடிய, எதையும் சொல்லக்கூடிய ஆளோடு மோதினால் அனுமானத்துக்கே இடமில்லை.

2017இல் ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆட்டம் பரவலாக்கிய கடிகார முறையையும் எடுத்துக்கொண்டேன். ஒரு வட்டம், எட்டுக் கூறு. ஏதாவது நடக்கும்போதும், நடக்க வேண்டியது நடக்காதபோதும் ஒரு கூறு நிரம்பும். கூலிப்படையின் வருகைக்கு ஒன்று வரைந்து, "மேற்கே ஏதோ நகர்கிறது" என்று மட்டும் தலைப்பிட்டு மேசை நடுவில் எல்லோரும் பார்க்க வைத்தேன். என்ன என்று தெரியாது, நெருங்குகிறது என்று தெரியும். பின்னணியில் நடப்பதை முழுக்க என் தலைக்குள்ளேயே வைத்திருந்த காலத்தில், உலகம் நகர்வது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஆட்டக்காரர் ஷீட்டிலும் அலைன்மென்ட் கட்டத்தைக் காலியாக்கினோம். செஷன் முடிந்ததும் அவரவர் ஒரு வரி எழுத வேண்டும்: இன்று என் கேரக்டர் செய்ததில் யாராவது நினைவு வைத்திருக்கும் ஒன்று, அதை யார் பார்த்தார்கள். அவ்வளவுதான். ஐந்து செஷனுக்கு ஒருமுறை அந்த வரிகளைச் சேர்த்துப் படித்துவிட்டு, கட்டத்தில் என்ன எழுதலாம் என்று பென்சிலால் எழுதினோம்.

இதில் அதிகம் ஆச்சரியப்பட்டது சிட்டுவை ஆடிய தம்பிதான். 'கேயாடிக் நியூட்ரல்' என்பதை அவன் முதலில் ஒரு அனுமதிச் சீட்டாக வைத்திருந்தான். நடுவில் எனக்குத் துண்டுச் சீட்டு நீட்டி, மற்ற மூவருக்கும் தெரியாமல் கொற்றிக்குத் தகவல் விற்றுக்கொண்டிருந்தான். யாராவது முகம் சுளித்தால், "என் கேரக்டர் அப்படித்தான்" என்பான். சீட்டு நீட்டும் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதை நான் சுவாரஸ்யம் என்று தப்பாகப் படித்திருந்தேன். அது எரிச்சல். பேச்சு நாளில் அதையும் மாற்றினோம்: கேரக்டருக்குள் ரகசியம் இருக்கலாம், ஆட்டக்காரருக்குள் வேண்டாம். சிட்டு ஏமாற்றுவதை எல்லோரும் கேட்பார்கள், அவர்களுடைய கேரக்டர்களுக்குத் தெரியாது. ஏமாறப்போகும் காட்சியை வெண்ணியே ஆசையாக வடிவமைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். 18ஆம் செஷனில் சிட்டுவின் ஐந்து வரிகளைப் படித்தால், ஐந்திலும் அவள் யாருக்கோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். திருடியாவது காப்பாற்றியிருந்தாள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கட்டத்தில் எதுவும் எழுதாமல் தாளை மடித்து வைத்தான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்துவனை ஆடியவருக்கு மந்திரம் போட்டுச் சண்டை போடுவதில்தான் ஆசை. மூன்று மணி நேரம் பேச்சுவார்த்தையாகவே ஓடும் செஷன்களில் அவர் மனம் விலகிப் போவது தெரிந்தது. செஷனுக்கு ஒரு மோதலாவது வைத்துப் பார்த்தேன். சில நாள் அது கதையோடு ஒட்டியது, சில நாள் ஒட்டுப்போட்டதாகவே தெரிந்தது. ஆட்டம் தொடங்குமுன் செஷன் ஜீரோவில், இது வாள்வீச்சைவிட வாய்ப்பேச்சு அதிகம் உள்ள கதை என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், அவர் வேறு கேரக்டரையோ வேறு மேசையையோ தேர்ந்தெடுத்திருப்பார். அந்தக் குறை கடைசிவரை இருந்தது.

24ஆம் செஷன்

கடிகாரத்தில் ஏழு கூறு நிரம்பிவிட்டது. அரசவை கூடுகிறது. மருதன், படகோட்டி, சாக்குத் தைத்தவள் என்று இந்த முறை மூன்று சாட்சிகள் கையில் இருக்கிறார்கள். மூவரும் ரோல் இல்லாமலே கிடைத்தவர்கள். தேடிப் போனால் போதும் என்று வைத்திருந்தேன். ஆதன் அவை நடுவில் உண்மை வட்டத்தை விரிக்கிறான். நெடுங்கோ அடிகள் தானாகவே நடந்துவந்து அதற்குள் நிற்கிறார். சேவிங் த்ரோ போடக்கூட அவர் முயலவில்லை.

எல்லோரும் ஆதன் கேள்வி கேட்கக் காத்திருந்தார்கள். அண்ணன் எழுந்து நின்றார். ஆதனும் அதே வட்டத்துக்குள் நடந்து போனான்.

"அடிகளே, உங்களிடம் கேட்குமுன் என்னிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கொற்றி என்பவளுக்கு உயிர்ப்பொறுப்பு எடுத்தது நான். அவளை விசாரிக்காமல் உங்கள் ஆட்களிடம் ஒப்படைத்ததும் நான். அவள் தானியத்தைத் தொடவில்லை. இதை அவை ஏட்டில் முதலில் எழுதுங்கள்."

பிறகு ஒரே ஒரு கேள்வி. "முத்திரையை இடுப்பிலிருந்து எடுத்து அந்தச் சீட்டில் வைத்த கை யாருடையது?"

"என்னுடையது" என்றார் நெடுங்கோ. "மறுபடி வைக்கச் சொன்னாலும் வைப்பேன். நீ கீழ்க்குடியிருப்பில் பிறந்தவனல்ல, ஆதா."

வெண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். அவரைத் தண்டிப்பதா, அவருடைய படையை வைத்தே ஊரைக் காப்பதா என்று அவையும் மேசையும் ஒரு மணி நேரம் வாதாடின. அந்துவன்கூட அன்று மந்திரத்தை மறந்து பேசினார். கடைசியில் நெடுங்கோவைக் காவலில் வைத்துவிட்டு, படைக்குத் தூது அனுப்புவது என்று முடிவானது. அந்த இரவு கோயில் வாசலில் நடந்த கைகலப்பில் ஆதனின் தோளில் ஈட்டி பாய்ந்தது. மூன்று ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) மிச்சம்.

அண்ணன் ஷீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கொற்றி பேரு ஏட்டுல ஏறிடுச்சுல்ல?"

"ஏறிடுச்சு அண்ணே."

"அப்போ ஒளி வருமா?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

தன் வலது கையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடினார்.